கையெழுத்துப் போட மாட்டேன், மகனே

மகனே,

நலம் விசாரித்து ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ பெங்களூரிலிருந்து கூரியரில் அனுப்பிய காகிதம் நேற்றுக் காலையில் வந்து சேர்ந்தது. நம் பட்டறையின் லெட்டர்ஹெட்டில் இங்கிலீஷில் அழகாக டைப் அடித்து, அடியில் என் பெயரையும் அதற்கு மேலே ஒரு கோட்டையும் போட்டு, "இந்தக் கோட்டுல மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கம்மா, திங்கக்கிழமை இண்டர்வியூ" என்று ஒரு துண்டுச்சீட்டையும் ஒட்டியிருக்கிறாய். மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் செய்கிற பெரிய கம்பெனியாம், ப்ராடக்ட் மேனேஜர் வேலையாம். இங்கே எங்கள் புது கிரைண்டரை நீதான் நிர்வாகம் செய்தாய் என்று நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். அந்தக் காகிதத்தில் எங்கேயும் என்னை உன் அம்மா என்று சொல்லவில்லை, முதலாளி என்று போட்டிருக்கிறாய். ரொம்பச் சரி. முதலாளியாகவே பதில் எழுதுகிறேன்.

நம் சிறுதொழில் சங்கத்துப் பத்திரிகைக்காரர் ரொம்ப நாளாக என்னிடம் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதன் நகல் ஒன்றை அவரிடம் கொடுக்கப் போகிறேன். உன் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. ஆனாலும் நம் கணபதி வட்டாரத்தில் கிரைண்டர் செய்கிற அத்தனை பேருக்கும் யார் வீட்டுக் கதை என்று தெரிந்துவிடும். தெரியட்டும். பெத்த மனம் பித்து என்பார்கள். எனக்கு அந்தப் பித்து போன வைகாசியோடு தெளிந்துவிட்டது.

உன் காகிதத்தில் ஒரு வரி இருக்கிறது. யோசனையில் தொடங்கி வாடிக்கையாளரின் முழுத் திருப்தி வரை இந்தப் பொருளை இவர் நிர்வகித்தார் என்று அதற்கு அர்த்தம். நானும் அந்தக் காலத்துப் பி.யூ.சி.தான், எனக்கு இந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். மற்ற வரிகளை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். முழுத் திருப்தி என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இதை டைப் அடிக்கும்போது உனக்குக் கை கூசவில்லையா? கூசியிருக்காது. கூசுகிற கையாக இருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

நீ என்ன வேலைக்காரன் என்று எனக்குத் தெரியும், அதையும் மறைக்கப் போவதில்லை. மில் கட்டிக் கொடுக்கிற கம்பெனியில் ஐந்து வருஷம் வடக்கே இருந்தாய். கரும்புக் காட்டு நடுவில் போய் இறங்குவாய், ஆலையை எழுப்புவாய், சாவியைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவாய். மெட்ராஸைச் சென்னை என்று மாற்றிய வருஷம், உன் அப்பா போன பிறகு, இங்கே திரும்பி வந்தாய். அந்த ஆடிக் காற்றில் நம் பட்டறைக் கூரை மொத்தமும் பறந்து பக்கத்துக் காட்டில் விழுந்தபோது நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ உட்காரவில்லை. சுவரில் ஒரு பெரிய சார்ட்டை ஒட்டினாய், எந்த ஆள் எந்த நாள் வரவேண்டும், இரும்பு எப்போது, சிமெண்ட் எப்போது என்று கட்டம் கட்டினாய். தீபாவளிக்குள் புது ஷெட் நின்றது, சொன்ன நாளில் நின்றது. அதைப் பார்த்து நான் அழுதேன், நீயும் பார்த்தாய். ஷெட் கட்டுவது ப்ராஜெக்ட். அதற்கு ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு, முடித்தவன் கையைக் கழுவிக்கொண்டு போகவேண்டும். ஷெட் கட்டினவன் வருஷக்கணக்காக அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் கட்டிடத்தில் ஏதோ கோளாறு என்றுதான் ஆகும். அந்த வேலையில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை, எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்கிறேன்.

கிரைண்டர் அப்படி இல்லை. நாம் முடிந்தது என்று சொல்லி லாரியில் ஏற்றுகிற நாளில்தான் அது பிறக்கிறது. யார் வீட்டுக்குப் போகிறது, எந்த மூலையில் வைக்கிறார்கள், யார் குனிந்து மாவை வழிக்கிறார்கள், அவளுக்கு இடுப்பு வலிக்கிறதா, இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தேதி கிடையாது. உன் அப்பாவுக்கு அந்தப் பைத்தியம் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் மணமேடைப் பக்கம் போகமாட்டார், நேரே சமையல்கட்டுக்குப் போய் மாவாட்டுகிற இடத்தில் நிற்பார். பவானியில் ஒரு வீட்டில் ஒரு அம்மா ஆட்டின மாவை வழிக்க எவ்வளவு நேரம் குனிந்தே நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்துதான், பாத்திரத்தையே சாய்த்துக் கொட்டுகிற மாதிரி கிரைண்டர் வேண்டும் என்று கிறுக்கத் தொடங்கினார். கிறுக்கினார், செய்தார், பிரித்தார், மறுபடி செய்தார். சாகிறவரைக்கும் அந்த மாடல் வெளியே வரவில்லை. அந்த மனுஷனுக்கு முடிக்கத் தெரியாது. உனக்கு முடிக்க மட்டும்தான் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

நீ அந்தச் சாய்க்கிற கிரைண்டரைக் கையில் எடுத்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். வைகாசி முகூர்த்தத்துக்குள் கடைக்கு வரவேண்டும் என்றாய். சரியான யோசனை. நம் பக்கத்தில் பாதிக் கிரைண்டர் சீர் சாமானாகத்தான் விற்கிறது, பொண்ணுக்குக் கட்டிலும் பீரோவும் வைக்கிற அப்பன் கிரைண்டர் வைக்காமல் இருப்பானா? மறுபடி சார்ட் சுவருக்கு வந்தது, கட்டங்கள் வந்தன. அந்தச் சமயத்தில் எனக்குக் கண் ஆபரேஷன். கண்ணுக்கு மேலே பச்சைத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் வீட்டில் கிடந்தபோது, நீ உன் சார்ட்டில் ஒரு கட்டத்தை அடித்தாய். அது எந்தக் கட்டம் என்று இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

புதுக் கல்லில் ஆட்டினால் மாவில் கல்துகள் வரும். அதனால் நம் பட்டறையில் ஒவ்வொரு கிரைண்டரிலும் குருணையும் தவிடும் போட்டுத் திரும்பத் திரும்ப ஆட்டி, அந்த மாவைக் கொட்டி, கழுவி, காயவைத்து, புதுசு போலத் துடைத்துத்தான் பெட்டியில் போடுவோம். கல் பழக்குவது என்போம். இடத்தை அடைக்கிற வேலை, தண்ணீர் குடிக்கிற வேலை, நேரம் தின்கிற வேலை. உன் சார்ட்டில் அதுதான் குறுக்கே நின்றது. அதைத் தூக்கிவிட்டு, முதல் சில தடவை ஆட்டுகிற மாவைக் கொட்டிவிடுங்கள் என்று ஒரு புக்லெட்டில் அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டாய். படம்கூடப் போட்டிருந்தாய். வேலை குறித்த நாளில் முடிந்தது. ஷெட்டில் கேக் வெட்டினாய். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் வந்து ஒரு துண்டு தின்றேன், உன் அப்பா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

சீர் சாமானை யாராவது பொண்ணு வீட்டில் ஓட்டிப் பார்ப்பார்களா? நீ இந்த ஊரில்தானே பிறந்தாய்? சீர் வைக்கிற பொருளில் கை படக்கூடாது என்று உனக்குத் தெரியாதா? மண்டபத்தில் பெட்டியைப் பிரித்து, மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, நாலு பேர் பார்க்க வரிசையில் வைப்பார்கள். பெட்டியோடு உன் புக்லெட்டும் மண்டபத்துக் குப்பையில் போகும். அங்கிருந்து கிரைண்டர் நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். அங்கே அந்தப் பொண்ணு முதல் முதலாக அதில் ஆட்டுகிற மாவு, அவள் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் ஊற்றுகிற இட்லிக்கு ஆட்டுகிற மாவு. நீ இதை யோசிக்கவே இல்லை. வைகாசியை யோசித்தாய், வைகாசியில் யாருக்குக் கல்யாணம் என்று யோசிக்கவில்லை.

முகூர்த்தம் முடிந்து கொஞ்ச நாளில் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு அம்மா பட்டறைக்கு வந்தார். நான் உள் அறையில் உட்கார்ந்திருந்தேன், நீ என்னைக் கவனிக்கவில்லை. "ஏனுங்க தம்பி, புள்ளைக்கு சீர் வெச்ச கிரைண்டருங்க. உடுமலைல குடுத்திருக்கறமுங்க. மாவுல மண்ணு வருதுங்க" என்றார். நீ நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "புக்லெட்டுல தெளிவாப் போட்டிருக்குதுங்களே அம்மணி, மொதல்ல ஆட்டறதைக் கொட்டிப்போடோணும்னு. படிச்சுப் பாக்கலீங்களா?" என்றாய். ஒவ்வொரு வார்த்தையிலும் ஒரு 'ங்க'. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நம்மூர்ப் பேச்சில் ஒருத்தரைச் செருப்பால் அடிக்கவேண்டுமென்றால் இப்படித்தான் அடிப்பார்கள். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். அப்புறம், "புள்ளை எப்படீங்க தம்பி கொட்டுவா? மாமியா ஊட்டுல, போன மொத நாளே, அரிசியை ஊறப்போட்டு ஆட்டிச் சாக்கடைல ஊத்துனா அவளை என்னன்னு நெனப்பாங்க?" என்றார். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். சர்வீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாய். அந்த இடத்தில் உன்னை ஓங்கி ஓர் அறை அறைய வேண்டும் என்று எனக்கு வந்தது. வளர்ந்த பையன் என்று விட்டேன். அறைந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஒரு பை குருணையை எடுத்துக்கொண்டு நான் உடுமலைப்பேட்டையில் அந்தப் பொண்ணு வாக்கப்பட்ட வீட்டுக்குப் போனேன். அந்த மாமியார் என்னை நன்றாகத்தான் கவனித்தார். மோர் கொடுத்தார், பாய் போட்டார். அப்புறம் சொன்னார்: "பாருங்க, பந்தலு பிரிக்கலீங்க, சொந்தபந்தமெல்லாம் உக்காந்திருக்குது. வாயில வெச்ச இட்லியை எங்க பெரியவர் அப்படியே துப்பிப்போட்டாரு. பொறந்த ஊட்டு மண்ணை வாரிக்கிட்டு வந்து எங்க வாயில போட்டுட்டாளேங்க." அந்தப் பொண்ணு சமையல்கட்டு வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது, முன்னால் வரவில்லை. நான் சொன்னேன், புள்ளை மேலே ஒரு தப்பும் இல்லீங்க, கல்லைப் பழக்காம அனுப்பிப்போட்டது எங்க பட்டறைங்க என்று. அவர்கள் எதிரிலேயே குருணையைப் போட்டு ஆட்டினேன், தென்னை மரத்தடியில் கொட்டினேன், கழுவி மறுபடி ஆட்டினேன். கடைசியில் அவர்கள் அரிசியையே போட்டு ஆட்டி, மாவை அந்த மாமியார் நாக்கில் வைத்துப் பார்க்கிறவரைக்கும் நகரவில்லை. "இப்ப நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். நான் நம்பிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது நீ என்ன பதில் சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, அந்த ப்ராஜெக்ட் க்ளோஸ் பண்ணியாச்சு. இனி வர்றதை சர்வீஸ் டிபார்ட்மெண்ட் பாத்துக்கும்" என்றாய். நம் பட்டறையில் சர்வீஸ் டிபார்ட்மெண்ட் என்று தனியாக எதுவும் கிடையாது, அது நான்தான், அதுவும் ஒரு கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த நான். வைகாசியில் போன ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும் என்றேன். அடுத்த மாடலுக்கு சார்ட் போட்டாகிவிட்டது, ஆள் இல்லை என்றாய். கல் பழக்குகிற வேலையைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்றதும்தான் உனக்குக் கோபம் வந்தது. "நீங்களும் அப்பாவும் பாத்துப் பாத்தே இருந்திருந்தா, இந்தக் கிரைண்டரு இன்னைக்கும் மூலைல துணி மூடித்தான் கெடந்திருக்கும்!" என்று கத்தினாய்.

அது சுட்டது. உண்மை என்பதால் சுட்டது. நீ வராவிட்டால் அந்த மாடல் வந்திருக்காது, கடைக்காரர்கள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள், பட்டறையில் பாதிப் பேருக்கு வேலை இருந்திருக்காது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லையே! அத்தனை வருஷம் உன் அப்பா உருட்டின பொருள், இன்னும் ரெண்டு நாள் கூடுதலாக ஷெட்டில் நின்றிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? முகூர்த்தத்தில் முதல் நாலு கல்யாணம் தவறியிருக்கும். தவறட்டுமே. நான் பிடிவாதமாகக் கல் பழக்குகிற வேலையைத் திரும்ப ஆரம்பித்தேன், நீ ஆடியில் பெட்டியைக் கட்டினாய். போகும்போது கடைசியாக என்ன கேட்டாய்? அடுத்த மாடலின் சார்ட்டை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டாய். பெற்ற தாயிடம் சொல்லிக்கொண்டு போகிற லட்சணம் அது.

இப்போது நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதற்கு வருகிறேன். போன வாரம் உடுமலையில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு, பக்கம்தானே என்று அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் வெளியே போயிருந்தார். பின்கட்டில் அந்தப் பொண்ணு குத்த வைத்து ஆட்டாங்கல்லில் ஆட்டிக்கொண்டிருந்தது. முழுகாமல் இருக்கிறாள், வயிறு தெரிகிறது. "ஏங்கண்ணு, கிரைண்டரு என்னாச்சு?" என்றேன். "அது நல்லாத்தானுங்க இருக்குது. அத்தை தொட வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். உள்ளே போய்ப் பார்த்தேன். சமையல்கட்டு மூலையில் ஜமக்காளம் போட்டு மூடி, மேலே வெங்காயக் கூடையை வைத்திருக்கிறார்கள். தூக்கிப் போட்டிருந்தாலாவது தேவலாம். "ஊட்டுக்கு யாரு வந்தாலும் ஜமக்காளத்தை விலக்கிக் காட்டுறாங்க. எங்க மருமவ கொண்டாந்த சீருன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. ஆட்டறதுகூடச் சிரமமில்லீங்க, அதைத்தான் தாங்க முடியலீங்க" என்றாள். அழவில்லை. மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "நீங்க அதை எடுத்துட்டுப் போயிருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

எடுத்துக்கொண்டு வர முடியுமா? மாமியார் வந்ததும் கேட்டேன், புதுசு ஒன்று கொடுக்கிறேன், இதைத் திருப்பிக் கொடுங்கள் என்று. "சீர் சாமானைத் திருப்பி அனுப்பிச்சா ஊரு எங்களை என்னங்க சொல்லும்? அது இருக்கட்டுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். என்னால் செய்ய ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தேன். நல்லா ஓடுகிற கிரைண்டர், மகனே. உன் அப்பா கனவு கண்ட மாதிரி சாய்கிறது, ஒரு சத்தம் இல்லை. அந்த வீட்டுச் சிரிப்பை எந்த சர்வீசாலும் சரிசெய்ய முடியாது. உன் சார்ட்டில் முடிந்துபோனது அந்தப் பொண்ணுக்குத் தினமும் காலையில் ஆரம்பிக்கிறது. அவள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை ஓடியாடுகிற வயசிலும் அந்த ஜமக்காளத்தை யாராவது விலக்கிக் காட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

நேற்று இந்தக் காகிதம் வந்தபோது எனக்கு அவள் முகம்தான் கண் முன்னால் வந்தது. நீ போகப் போகிற கம்பெனி நம்மைப் போலச் சின்னப் பட்டறை இல்லை. நாடு முழுக்க அடுப்படிகளுக்குள் சாமானை அனுப்புகிறவர்கள். அங்கே போய் உட்கார்ந்து நீ எந்தக் கட்டத்தை அடிக்கப் போகிறாயோ, எந்த வீட்டில் எந்தப் பொண்ணு பேச்சு வாங்கப் போகிறாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என் வயிற்றில் பிறந்தவனைப் பற்றி இப்படி எழுதுவது எனக்கு இனிக்கிறது என்று நினைக்காதே. மில் கட்டவும் பாலம் கட்டவும் போகிறாய் என்றால் சொல், இங்கிலீஷிலேயே என் கையால் எழுதித் தருகிறேன், இவனைப் போல இன்னொருவன் இல்லை என்று.

இந்த வேலைதான் வேண்டும் என்றால், உன் காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார். முழுத் திருப்தி என்ற வரிக்குப் பக்கத்தில் பேனாவால் இன்னொரு கோடு போட்டிருக்கிறேன். அதில் அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட வேண்டும். அவள் போட்டுவிட்டால் அதற்குக் கீழே நான் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறேன். திங்கட்கிழமைக்குள் முடியாது என்பாய். முடியாதுதான். இங்கே வந்து உக்கடத்தில் உடுமலை பஸ் ஏறு, காலையிலேயே போ. அந்த நேரத்தில் அவள் பின்கட்டில்தான் இருப்பாள். கை முழுக்க மாவாக இருக்கும். அவள் ஆட்டி முடித்து, கழுவிக்கொண்டு வருகிறவரைக்கும் நின்றுகொண்டிரு.

அம்மா